வாட்டர் பம்ப் மாற்ற வேண்டும்: நாமே கழற்றலாமா, யாரிடம் விடலாம்?

காருக்கு அடியில் பச்சையாகவோ ரோஸ் நிறத்திலோ சொட்டு விழுகிறது. பார்த்தவர் "வாட்டர் பம்ப் போயிடுச்சு" என்று சொல்லிவிட்டார். இனி நம் முன்னால் இருப்பவை மூன்று வழிகள். கம்பெனி சர்வீஸ் சென்டரில் விடலாம். நமக்குப் பழக்கமான மெக்கானிக்கிடம் விடலாம். வீடியோ சிலவற்றைப் பார்த்துவிட்டு வீட்டு வாசலில் நாமே கழற்றலாம். மூன்றாவதைப் பற்றிக் கேட்டால், பழக்கமில்லாதவர்கள் கையே வைக்கக் கூடாது என்று பாதிப் பேர் பயமுறுத்துவார்கள். மீதிப் பேர் "நாலு போல்ட்டுதானே" என்று தட்டிக் கொடுப்பார்கள். இரு தரப்பும் உங்கள் வண்டி எது, அதில் எந்த இன்ஜின் என்று கேட்பதில்லை.

கைப்பழக்கம், காசு, நேரம் எல்லாம் பிறகு வரட்டும். அந்தப் பம்பைச் சுற்றுவது எந்த பெல்ட், பம்பை வெளியே எடுக்க வேறு எதையெல்லாம் அவிழ்க்க வேண்டும் என்ற இரண்டு கேள்விகளுக்கு முதலில் பதில் தெரிய வேண்டும். அது தெரிந்துவிட்டால் முடிவில் முக்கால்வாசி எடுத்தாகிவிட்டது.

கெட்டது பம்ப்தானா?

பம்புக்குள் ஒரு தண்டு ஓடுகிறது. ஒரு முனையில் பெல்ட் சுற்றும் புல்லி, மறுமுனையில் கூலன்ட்டை, அதாவது இன்ஜினைக் குளிர்விக்க உள்ளே சுற்றி ஓடும் திரவத்தை, தள்ளும் இம்பெல்லர் என்ற இறக்கைச் சக்கரம். நடுவில் பேரிங்கும், பேரிங் பக்கம் கூலன்ட் வராமல் தடுக்கும் சீலும் இருக்கின்றன. சீல் தேய்ந்தால் கசிகிற கூலன்ட் பேரிங்குக்குள் போகாமல் வெளியே வடிய, பம்பின் உடம்பில் சின்னதாக ஓர் ஓட்டை விட்டிருப்பார்கள். டார்ச் அடித்து, கைபேசி கேமராவை உள்ளே நீட்டி அந்த ஓட்டையைப் பாருங்கள். அதைச் சுற்றி ஈரமோ, காய்ந்து படிந்த நிறக்கறையோ கீழ்நோக்கி இறங்கியிருந்தால் சீல் போய்விட்டது.

பேரிங் தேய்ந்திருந்தால் இன்ஜின் ஓடும்போது பெல்ட் பக்கத்திலிருந்து கரகர சத்தம் வரும். ஆனால் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் பேரிங்கும், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் ஏறக்குறைய அதே சத்தத்தைத்தான் தரும். பம்பைச் சுற்றும் பெல்ட் வெளியே இருக்கும் வண்டி என்றால், ஆறியபின் அந்த பெல்ட்டைத் தளர்த்திவிட்டு பம்ப் புல்லியை இரு விரலால் பிடித்து மேலும் கீழுமாக அசைத்துப் பாருங்கள். நல்ல பம்பில் ஆட்டம் தெரியாது.

மேலே இருக்கும் ஹோஸ் கிளாம்ப் தளர்ந்து, கூலன்ட் பம்பின் மீது வழிந்து, பம்பின் அடியிலிருந்து சொட்டுவதும் உண்டு. முப்பது ரூபாய் கிளாம்ப் செய்த வேலைக்குப் பம்பை மாற்றினால் புதுப் பம்பின் அடியிலிருந்தும் அதே சொட்டுதான் விழும். கசிவே இல்லாமல் வண்டி சூடேறுகிறது என்றால் ரேடியேட்டர் ஃபேன், தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் அடைப்பு, மூடியின் அழுத்த வால்வு என்று சந்தேகப்பட வேறு ஆட்கள் இருக்கிறார்கள். கூலன்ட்டில் தொடர்ந்து குமிழி வருவது, இன்ஜின் ஆயில் பால் கலந்த காபி நிறத்துக்கு மாறுவது, சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வருவது ஆகியவை ஹெட் கேஸ்கட்டை, அதாவது சிலிண்டர் ஹெட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவில் உள்ள தகட்டை, காட்டும் அறிகுறிகள். அப்படியானால் பம்பு வாங்கக் கிளம்ப வேண்டாம்.

ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லலாம்: சூடான வண்டியில் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே கூலன்ட் அழுத்தத்தில் நூறு டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடி தளர்ந்த நொடியில் அழுத்தம் விழுந்து, கொதிக்கும் கூலன்ட்டும் ஆவியும் சேர்ந்து முகத்தில் அடிக்கும்.

கசிகிற பம்போடு ஓட்டிக்கொண்டே இருப்பது நான்காவது வழியாகத் தோன்றலாம். அவ்வப்போது தண்ணீர் ஊற்றி ஓட்டலாம், லீக் அடைக்கும் பவுடர் போடலாம், பழைய டிரைவர்கள் சொல்வதுபோல ரேடியேட்டரில் மஞ்சள்தூள் கொட்டலாம். ரேடியேட்டரில் விழுந்த நுண் ஓட்டையை அவை கொஞ்ச தூரத்துக்குத் தாங்கினாலும் தாங்கும். சுழலும் தண்டின் சீலை எந்தப் பொடியாலும் அடைக்க முடியாது. போட்ட பொடி ரேடியேட்டர், ஹீட்டர் குழாய்களில் போய்ப் படியும். பம்ப் நின்றாலோ கூலன்ட் தீர்ந்தாலோ அலுமினிய சிலிண்டர் ஹெட் சூட்டில் வளையும். அந்தச் செலவு பம்பின் விலையைப் பல மடங்கு தாண்டும். ஆகவே இதை வழிகளில் ஒன்றாகவே நான் எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரே ஸ்விஃப்ட், மூன்று பதில்

பம்பு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது எவ்வளவு மாறும் என்பதற்கு நம் தெருக்களில் அதிகம் ஓடும் மாருதி ஸ்விஃப்ட்டையே எடுத்துக்கொள்ளலாம்.

2005-இல் வந்த முதல் ஸ்விஃப்ட் பெட்ரோலில் இருந்தது 1.3 லிட்டர் ஜி13 குடும்பத்து இன்ஜின். எஸ்டீம், ஜிப்ஸி வண்டிகளில் இருந்ததும் இதே குடும்பம்தான். இதில் பம்பைச் சுற்றுவது வெளியே தெரியும் ஆல்டர்னேட்டர் பெல்ட். புல்லியைப் பார்த்ததும் எளிதான வேலை என்றே தோன்றும். ஆனால் பம்பின் உடம்பு, வால்வுகளைப் பிஸ்டனோடு தாளம் தப்பாமல் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட்டின் கவருக்குப் பின்னால் இருக்கிறது. கிராங்க் புல்லி, டைமிங் கவர், டைமிங் பெல்ட், டென்ஷனர் எல்லாவற்றையும் எடுத்தால்தான் பம்பு வெளியே வரும். போதாக்குறைக்கு, பம்புக்கும் ஆயில் பம்புக்கும் நடுவிலும், பம்புக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவிலும் சின்ன ரப்பர் சீல்கள் உண்டு. தெரியாமல் அவற்றை விட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள். பெல்ட் வெளியே தெரிகிறது என்பதை வைத்து மட்டும் முடிவெடுப்பவர் ஏமாறும் இடம் இது.

2010-இல் ஸ்விஃப்ட் பெட்ரோலுக்கு 1.2 லிட்டர் கே12எம் இன்ஜின் வந்தது. அதே 2010-இல் வந்த ஆல்டோ கே10, வேகன் ஆர் ஆகியவற்றின் கே10பி இதற்குத் தம்பி. இந்த கே வரிசையில் டைமிங்குக்கு பெல்ட் கிடையாது, செயின்தான். அது இன்ஜினுக்குள் மூடிக் கிடக்கிறது. வாட்டர் பம்ப் வெளியே, ஆல்டர்னேட்டர் பெல்ட்டில் சுற்றுகிறது. பெல்ட்டை எடுத்து, புல்லியைக் கழற்றி, பம்பின் போல்ட்டுகளை அவிழ்த்தால் கையில் வந்துவிடும். டைமிங் பக்கம் கை போகவே வேண்டாம்.

ஸ்விஃப்ட் டீசலில் இருந்தது ஃபியட்டின் 1.3 மல்டிஜெட். இதிலும் டைமிங் செயின், பம்பு வெளி பெல்ட்டில். தத்துவம் கே வரிசைதான், ஆனால் கை நுழைய இடம் நெருக்கம். பொறுமை உள்ளவர் செய்யலாம். என்னைக் கேட்டால், முதல் வேலையாக இதை எடுக்காமல், பெல்ட் மாற்றுவது, தெர்மோஸ்டாட் மாற்றுவது என்று ஒன்றிரண்டு வேலை செய்துவிட்டு வரலாம்.

இதற்கு நேர் எதிர்முனையில் நிற்பது ரெனோவின் 1.5 டீசல் கே9கே. டஸ்டர், டெரானோ, லோகன், வெரிட்டோ, நிஸான் சன்னி, மைக்ரா டீசல் எல்லாவற்றிலும் இதுதான். இதில் வாட்டர் பம்பைச் சுற்றுவதே டைமிங் பெல்ட். ஃபோக்ஸ்வேகன் போலோ, வென்டோவின் டிடிஐ டீசல்களும் இப்படியே. வலது பக்க இன்ஜின் மவுன்ட்டைக் கழற்ற, இன்ஜினை அடியிலிருந்து முட்டுக் கொடுத்து நிறுத்த வேண்டும். பிஸ்டன்கள் சுற்றும் கிராங்க் ஷாஃப்டும், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டும் அசையாமல் இருக்க, அந்த இன்ஜினுக்கென்றே உள்ள பின்களைப் போட்டுப் பூட்ட வேண்டும். பெல்ட்டைத் திரும்ப மாட்டும்போது பற்கள் தவறினால் வால்வும் பிஸ்டனும் ஒன்றோடொன்று மோதும். முதன்முதலில் ஸ்பேனர் எடுப்பவர் தனியாகச் செய்யக் கூடாத வேலை இது. திறமையானவரா இல்லையா என்ற கேள்விக்கே இதில் இடமில்லை. ஒரு தவறுக்குக்கூட இந்த இன்ஜின் இடம் தராது.

"நாலு போல்ட்டு" என்று சொல்லும் பெரியவர்களும் பொய் சொல்லவில்லை. அவர்கள் கற்றது அம்பாசடரில். அதில் இன்ஜின் நீளவாக்கில் நிற்கும். ரேடியேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் பம்பும் அதன்மேல் ஃபேனும் முகத்துக்கு நேரே இருக்கும். இன்றைய சின்னக் கார்களில் இன்ஜின் குறுக்குவாட்டில் கிடக்கிறது. பெல்ட் பக்கம் சேசிஸ் சுவரை ஒட்டி நிற்பதால் வலது முன்சக்கரத்தைக் கழற்றி, சக்கர வளைவு வழியாகக் கையை விட வேண்டியிருக்கிறது.

உங்கள் வண்டி இதில் எந்த வகை என்று எப்படித் தெரிந்துகொள்வது? வண்டிப் பெயரையும் வருடத்தையும் சொன்னால் போதாது, இன்ஜின் பெயரையும் சேர்த்து, அந்த இன்ஜினுக்கான சர்வீஸ் மேனுவலில் பம்ப் கழற்றும் பக்கத்தைத் தேடுங்கள். அந்தப் பக்கத்தின் முதல் சில வரிகளில் "டைமிங் பெல்ட்டைக் கழற்றவும்" என்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் வேறு யாரிடமாவது விடுங்கள். இல்லையென்றால் மேலே படியுங்கள். டொயோட்டா ப்ரியஸ் போன்ற ஹைபிரிட்களில் பெல்ட்டே இல்லாத மின்சார வாட்டர் பம்ப் வருகிறது. அது தனிக் கதை, இங்கே சேராது.

சர்வீஸ் சென்டர்

வாரன்டி முடியாத வண்டிக்கு இந்தக் கட்டுரையே தேவையில்லை. நேரே சர்வீஸ் சென்டர். வாரன்டி முடிந்த வண்டிக்கும், டைமிங் பெல்ட்டில் ஓடும் பம்பு, நம்பத் தகுந்த மெக்கானிக் கிடையாது என்ற இரண்டும் சேர்ந்தால் நான் இதையே சொல்வேன். அந்த இன்ஜினுக்கான பூட்டும் பின்களும் மேனுவலும் அங்கே இருக்கும், செய்த வேலைக்கு ரசீதும் இருக்கும்.

விலை கூடும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதைக் குறைக்க முடியாவிட்டாலும், எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்கலாம். வேலை தொடங்கும் முன் எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்குங்கள். பார்ட்ஸ், கூலி, கூலன்ட், வரி தனித்தனியாகப் பிரிந்திருக்க வேண்டும். டைமிங் பெல்ட்டும் பம்பும் சேர்ந்து மாற்றும்போது இரண்டுக்கும் பெரும்பகுதி ஒரே வேலைதான். பெல்ட்டைக் கழற்றிவிட்டால் பம்பு மாற்ற ஆகும் கூடுதல் நேரம் கொஞ்சமே. ஆகவே இரண்டு முழுக் கூலி போட்டிருந்தால் மரியாதையாகக் கேளுங்கள். அதே காரணத்தால், டைமிங் பெல்ட் மாற்றும் கிலோமீட்டர் நெருங்கிவிட்ட வண்டியில் பம்பு கெட்டால் பெல்ட், டென்ஷனர், பம்பு மூன்றையும் ஒன்றாக மாற்றுங்கள். பழைய பெல்ட்டைத் திரும்ப மாட்டுவது சிக்கனமே இல்லை. கூலன்ட்டில் நனைந்த டைமிங் பெல்ட்டை எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தாலும் மாற்றிவிட வேண்டும்.

பழகிய மெக்கானிக்

நம் ஊரில் பெரும்பாலான கார்கள் இவர்களால்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒரே மாடலை நூற்றுக்கணக்கில் அவிழ்த்தவரின் கை, எந்த மேனுவலிலும் இல்லாத குறுக்குவழிகளை அறிந்திருக்கும். எந்த போல்ட் துருப்பிடித்து முறியும், எதை எடுக்காமலே கையை விடலாம் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். கூலியும் நியாயமாக இருக்கும். பார்ட்ஸை நீங்களே வாங்கிக் கொடுக்கலாம், பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

எனக்கு இவர்களிடம் உள்ள ஒரே மனக்குறை கூலன்ட் விஷயம். பம்பை அழகாக மாற்றிவிட்டு, குழாயைத் திறந்து போர்த் தண்ணீரை நிரப்பி அனுப்பும் பழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. சென்னை, கோவை, மதுரை என்று எங்கே பார்த்தாலும் போர்த் தண்ணீரில் உப்பு அதிகம். அந்த உப்பு சூட்டில் பாறைபோல் படிகிறது, இம்பெல்லரை அரிக்கிறது, சீலைத் தேய்க்கிறது. உங்கள் பழைய பம்ப் அதனாலேயே போயிருக்கவும் கூடும். ஆகவே கூலன்ட்டையும் நீங்களே வாங்கிப் போங்கள். கலந்து ரெடியாக வருவதை அப்படியே ஊற்றலாம். கெட்டியாக வருவதற்கு டப்பாவில் சொன்ன விகிதத்தில் பேட்டரிக்கு ஊற்றும் சுத்திகரித்த தண்ணீர் சேர்க்க வேண்டும். பச்சையோடு ரோஸைக் கலக்க வேண்டாம். நிறத்தை நம்பாமல், மேனுவலில் சொன்ன வகையா என்று பாருங்கள்.

பழைய பம்பைக் கையில் வாங்கிக்கொள்வதும் நல்லது. இம்பெல்லர் தேய்ந்ததா, சீல் போனதா, தண்டு ஆடுகிறதா என்று பார்த்தால் காரணம் புரியும்.

டைமிங் பெல்ட் வண்டி வைத்திருப்பவருக்குக் கற்றுக்கொள்ளும் ஆசை இருந்தால், எனக்குப் பிடித்த ஒரு நடுவழி இருக்கிறது. பார்ட்ஸ் வாங்கி வைத்துவிட்டு, மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லி, கூடமாட வேலை செய்வது. சக்கரம் கழற்றுவது, கூலன்ட் வடிப்பது, கேஸ்கட் முகத்தைச் சுத்தம் செய்வது உங்கள் பங்கு. டைமிங் மார்க் வைப்பது அவர் பங்கு. "அண்ணே, நானும் கூட இருந்து கத்துக்கிறேன்" என்று முன்கூட்டியே சொல்லி, அவர் நேரத்துக்கும் சேர்த்துக் கூலி பேசிவிட்டால் பெரும்பாலானோர் சந்தோஷமாகவே சொல்லித் தருவார்கள்.

வீட்டில் நாமே

கே வரிசை போல வெளியே பம்பு உள்ள வண்டி என்றால், ஆரம்பநிலை ஆளும் செய்யக்கூடிய வேலை இது. முதல் தடவையில் காசு மிச்சமாகும் என்று நினைத்து இறங்காதீர்கள். சாக்கெட் செட், குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச், இரண்டு ஜாக் ஸ்டாண்ட், கூலன்ட் பிடிக்க அகலமான தட்டு, புனல் எல்லாம் வாங்கினால் மெக்கானிக்கின் கூலியைத் தாண்டிவிடும். கருவிகள் அடுத்த வேலைக்கும் உதவும் என்பது உண்மை. அதைவிடப் பெரிய லாபம், அந்த போல்ட் சரியான இறுக்கத்தில்தான் இருக்கிறது, உள்ளே சரியான கூலன்ட்தான் ஓடுகிறது என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரிவது. வண்டியோடு பல வருடம் இருக்கப்போகிறவருக்கு அந்த நிச்சயம் விலை மதிப்புள்ளது. அடுத்த வருடம் விற்கப்போகிறவர் மெக்கானிக்கிடம் விட்டுவிடலாம்.

வேறு மூன்று விஷயங்கள் உங்களிடம் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சமதளமான சிமென்ட் தரை. மண் தரையிலும் சரிவிலும் ஜாக் போடக் கூடாது. மறுநாளும் வண்டி தேவைப்படாத ஒரு வாரக் கடைசி. பாதி வேலையில் கடைக்கு ஓட ஒரு பைக்கோ ஸ்கூட்டியோ. ஞாயிற்றுக்கிழமை பல ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள் மூடியிருக்கும். அதனால் சனிக்கிழமை காலையில் தொடங்குங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் அசோசியேஷனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தொடங்கினால் பாதியில் சண்டை வராது.

பார்ட்ஸ் வாங்கும்போது மூன்று தரம் கிடைக்கும். வண்டிக் கம்பெனியின் பெயரில் வருவது, ஐசின், ஜிஎம்பி போன்ற பம்பு தயாரிக்கும் கம்பெனிகளின் பெயரில் வருவது, பெயரே தெரியாத மலிவு டப்பா. முதல் இரண்டில் எது கிடைத்தாலும் வாங்கலாம். மூன்றாவது வேண்டாம். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கம் போனால் புது பார்ட்ஸை ஒப்பிட்டு வாங்க முடியும். புதுப்பேட்டையில் கழற்றிய பழைய பார்ட்ஸ் கிடைக்கும். கதவு, கண்ணாடி, விளக்கு எல்லாம் அங்கே வாங்கலாம், வாட்டர் பம்பை மட்டும் பழையதாக வாங்காதீர்கள். தேயும் சீலும் பேரிங்கும்தான் அதன் உயிர், அதன் மிச்ச ஆயுளைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. இன்ஜின் நம்பரையும் சேசிஸ் நம்பரையும் சொல்லி வாங்குங்கள். கேஸ்கட் அல்லது ஓ-ரிங் டப்பாவுக்குள் இருக்கிறதா என்று கடையிலேயே திறந்து பாருங்கள். பெல்ட்டில் வெடிப்பு இருந்தால் அதையும் அப்போதே மாற்றிவிடுங்கள், எப்படியும் கழற்றப் போகிறீர்கள்.

வேலையைப் படிப்படியாக இங்கே எழுதவில்லை, அதற்கு உங்கள் இன்ஜினின் மேனுவல்தான் சரி. முதல் தடவை செய்பவர்கள் சிக்கும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

பம்ப் புல்லியின் போல்ட்டுகளை பெல்ட் இறுக்கமாக இருக்கும்போதே ஒரு சுற்றுத் தளர்த்திவிடுங்கள். பெல்ட்டை எடுத்துவிட்டால் ஸ்பேனர் வைத்ததும் புல்லி கூடவே சுற்றும், பிடித்து நிறுத்த வழி இருக்காது. இந்தச் சின்ன வரிசை தெரியாமலே பலர் அரை மணி நேரம் மல்லுக்கட்டுகிறார்கள்.

பம்பு பிடித்திருக்கும் போல்ட்டுகள் நீளத்தில் வேறுபடலாம். ஓர் அட்டையில் பம்பின் வடிவத்தைக் கோடாக வரைந்து, கழற்றிய ஒவ்வொன்றையும் அதே இடத்தில் குத்தி வையுங்கள். நீளமான போல்ட்டைக் குட்டையான துளையில் முறுக்கினால் அலுமினியம் வெடிக்கும்.

பழைய வண்டியில் போல்ட் முறிவதுதான் இந்த வேலையின் உண்மையான ஆபத்து. முந்தின நாள் மாலையே எல்லா போல்ட்டிலும் துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து விடுங்கள். அசையாத போல்ட்டை வலுவோடு திருகாதீர்கள். கொஞ்சம் அவிழ்த்து, கொஞ்சம் இறுக்கி, மறுபடி அவிழ்த்து என்று முன்னும் பின்னுமாக வேலை செய்தால் துரு உதிர்ந்து வழிவிடும். முறிந்தே போனால் அங்கேயே நிறுத்துங்கள். முறிந்த தண்டைத் துளைத்தெடுப்பது ஆரம்பநிலை வேலை அல்ல. அதற்கு மெக்கானிக்கை வீட்டுக்குக் கூப்பிடலாம், வண்டியைத் தள்ளிக்கொண்டு போகவும் வேண்டாம்.

கேஸ்கட் ஒட்டியிருந்த முகத்தைச் சுரண்டும்போது பிளாஸ்டிக் ஸ்கிரேப்பர் போதும். ஆக்ஸா பிளேடும் கிரைண்டிங் சக்கரமும் அலுமினியத்தில் கீறல் போடும், அந்தக் கீறல் வழியாகவே கூலன்ட் கசியும். சிலிகான் பேஸ்ட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேனுவல் சொன்ன இடத்தில், சொன்ன அளவு மட்டும். "எதுக்கும் இருக்கட்டும்" என்று தாராளமாகப் பூசினால் பிதுங்கி உள்ளே விழும் துண்டுகள் ரேடியேட்டர் குழாய்களை அடைக்கும்.

இறுக்குவதில்தான் டார்க் ரெஞ்சுக்குக் கொடுத்த காசு வசூலாகிறது. பம்பில் இருப்பவை பெரும்பாலும் பத்தாம் நம்பர், பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனர் போடும் சின்ன போல்ட்டுகள். பத்தாம் நம்பருக்கு ஏறக்குறைய 10 நியூட்டன் மீட்டர் போதும் என்பது பொதுவான அளவு. சரியான எண் உங்கள் மேனுவலில் இருக்கும். கை உணர்வை நம்பும் புதியவர் இதைப்போல இரண்டு மூன்று மடங்கு இறுக்கி மரையை உருவிவிடுவார். எல்லாவற்றையும் முதலில் கையால் மாட்டி, பிறகு எதிரெதிர் மூலையாக இரண்டு சுற்றில் இறுக்குங்கள்.

வண்டியைத் தூக்கினால் ஜாக் ஸ்டாண்டில் உட்கார வைத்த பிறகே கை, கால், தலை எதையும் அடியில் விடுங்கள். டிக்கியில் வரும் ஜாக், டயர் மாற்ற மட்டும்தான். பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி வையுங்கள். இவற்றில் சுருக்குவழியே கிடையாது.

வடித்த கூலன்ட்டை வாசலில் தட்டில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். அதில் உள்ள எத்திலீன் கிளைகால் இனிக்கும், கொஞ்சம் உள்ளே போனாலே உயிரைக் குடிக்கும் விஷம். நாயும் பூனையும் குழந்தையும் நடமாடும் இடத்தில் அது ஒரு நிமிடம்கூடத் திறந்து இருக்கக் கூடாது. உடனே மூடியுள்ள கேனில் ஊற்றி, மேலே எழுதி, பழைய ஆயில் எடுத்துக்கொள்ளும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். சாக்கடையிலும் செடிக்கும் ஊற்ற வேண்டாம்.

எல்லாம் மாட்டியபின் அவசரப்படும் இடம் ஒன்று மிச்சம்: உள்ளே சிக்கிய காற்று. கூலன்ட்டை மெதுவாக ஊற்றுங்கள். காற்று வெளியேற்றும் ஸ்குரு இருக்கும் வண்டியில் அதைத் திறந்து, குமிழி இல்லாமல் கூலன்ட் வரும்வரை விட்டு மூடுங்கள். நம் ஊர் வெயிலில் யாரும் தொடாத ஹீட்டர் குமிழைச் சூடான பக்கம் முழுக்கத் திருப்பி வையுங்கள், ஹீட்டர் குழாயிலும் கூலன்ட் ஓடினால்தான் அங்கே இருக்கும் காற்று வெளியேறும். மூடியை மூடி ஐட்லிங்கில் ஓடவிட்டு, ரேடியேட்டர் ஃபேன் ஒரு தடவை சுற்றி நிற்கும்வரை சூட்டு முள்ளை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். முள் இல்லாத, சிவப்பு விளக்கு மட்டும் உள்ள வண்டியில் ஹோஸைத் தொட்டுப் பார்த்தும் காதால் கேட்டும்தான் கவனிக்க வேண்டும். முள் சட்டென்று ஏறினாலோ விளக்கு எரிந்தாலோ அணைத்துவிட்டு, முழுக்க ஆறவிட்டு, குறைந்த கூலன்ட்டை நிரப்பி மறுபடி ஓடவிடுங்கள்.

அந்த வாரம் வெளியூர்ப் பயணம் வேண்டாம், ஊட்டி, கொடைக்கானல் மலைப்பாதை நிச்சயம் வேண்டாம். உள்ளூரிலேயே ஓட்டி, தினமும் காலையில் வண்டி எடுக்கும் முன் ரிசர்வ் டேங்க்கின் அளவைப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று நாளில் காற்று வெளியேறி அளவு கொஞ்சம் இறங்கும், நிரப்பிக்கொள்ளலாம். அதற்குப் பிறகும் இறங்கிக்கொண்டே இருந்தால் வண்டி நின்ற இடத்தில் ஓர் அட்டையை விரித்துவிட்டு, மறுநாள் காலை சொட்டு எந்த இடத்துக்கு நேர்கீழே விழுந்திருக்கிறது என்று பாருங்கள். பம்புக்கு நேர்கீழே இருந்தால் கேஸ்கட் முகத்தைத்தான் மறுபடி திறக்க வேண்டும். ஹோஸுக்குக் கீழே இருந்தால் கிளாம்ப்பை ஒரு திருகு இறுக்கினால் முடிந்தது.